கார் பேருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்: பெங்களூரில் வண்டி வாங்குகிறவர்களுக்கு

புக்கிங் ரசீதில் வேரியண்ட் (ஒரே மாடலில் விலைக்கும் வசதிக்கும் தக்கபடி வரும் வகை) பெயரின் கடைசி எழுத்து விடுபட்டுப் போனதால் எனக்கு மொத்தம் 37,900 ரூபாய் நஷ்டம். டீலர் பிடித்துக்கொண்ட கேன்சலேஷன் பணம் 10,000. வங்கியில் லோனை மறுபடி பிராசஸ் செய்ய ஜிஎஸ்டியோடு 5,900. இழுபறியில் ஜனவரி பிறந்துவிட்டது. வருஷா வருஷம் கம்பெனிகள் விலை ஏற்றும் மாசம் அது, அதில் 22,000. வீட்டில் வண்டி விஷயம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை, தனியாகவே அலைந்தேன். அந்த டீலர் பேரையும் கம்பெனி பேரையும் எழுதப்போவதில்லை. இது எந்தக் கம்பெனியிலும் நடக்கக்கூடியது என்பதால், மற்ற கம்பெனிகளின் பெயர் வைக்கும் முறையையும் சேர்த்தே எழுதுகிறேன். இப்போது அல்சூர், விவேக்நகர் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்கள் கார் வாங்கினால் கொட்டேஷனை முதலில் எனக்குத்தான் அனுப்புகிறார்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதும் இதில் உண்டு.

நடந்தது இதுதான். வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷனில் வேரியண்ட் பெயர் முழுசாக இருந்தது. புக்கிங் ரசீதை கம்ப்யூட்டரில் போட்டபோது பெயர் சுருங்கிவிட்டது. கேட்டதற்கு, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன் ஒருவன், "சிஸ்டத்துல அப்படித்தான் வரும்க்கா, உங்களுக்கு டாப் எண்ட்தான்" என்றான். வங்கி அந்த ரசீதைப் பார்த்துத்தான் லோன் போட்டது. இன்வாய்ஸும் அதே பெயரில் வந்தது. நகருக்கு வெளியே இருக்கும் ஸ்டாக்யார்டில் வண்டியைப் பார்த்தபோது பின் சக்கரத்தில் டிஸ்க் இல்லை, டிரம். சீட் ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய துணிப்பட்டை இல்லை. கை நடுங்கிவிட்டது. சேமிப்பையெல்லாம் போட்டு, குழந்தைகளுக்காக ஆறு ஏர்பேக் வேண்டும் என்று முடிவு செய்த வண்டி அது. "மீதியை ஜே.சி. ரோட்டுல போட்டுக்கலாம்க்கா" என்று சமாதானம் வேறு. அலாய் வீல், ரிவர்ஸ் கேமரா, டச் ஸ்கிரீன் எல்லாம் கார் சாமான் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். ஏர்பேக்கும் பின்பக்க டிஸ்க் பிரேக்கும் எந்தக் கடையிலும் கிடைக்காது. அவை ஃபேக்டரியில் ஏறவேண்டிய சாமான்கள்.

ஒரே எழுத்து கம்பெனிக்குக் கம்பெனி வேறு பொருள் தருவதில்தான் குழப்பமே தொடங்குகிறது. 'எஸ்' என்ற எழுத்தைப் பாருங்கள். ஹூண்டாய் கிரெட்டாவில் இ, இஎக்ஸ், எஸ், எஸ்எக்ஸ் என்று ஏறும் வரிசையில் எஸ் நடுவில் கீழ்ப்பக்கம். மஹிந்திரா ஸ்கார்பியோ கிளாசிக்கில் வெறும் எஸ் என்பது பேஸ் மாடல் (வரிசையின் அடியில் இருப்பது), எஸ் 11 டாப் எண்ட். டாடா நெக்ஸானில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வரும் எஸ் என்றால் சன்ரூஃப் உண்டு என்று பொருள். டொயோட்டா கிளான்ஸாவில் இ, எஸ், ஜி, வி என்பது வரிசை. எஸ் கீழிருந்து இரண்டாவது. இன்னொன்றையும் கவனியுங்கள்: கிளான்ஸாவில் ஜி என்பது டாப்புக்கு ஒரு படி கீழே, அதே ஷோரூமில் 2023-ல் மறுபடி வந்த இன்னோவா கிரிஸ்டாவில் ஜி என்றால் பேஸ். "ஜி வேரியண்ட் நல்லா இருக்கும்" என்று யாராவது சொன்னால், எந்த வண்டியின் ஜி என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

மாருதியில் இரண்டு முறை ஓடுகிறது. அரீனா ஷோரூம் வண்டிகளான ஸ்விஃப்ட், வேகன்ஆர், பிரெஸ்ஸா போன்றவற்றில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ என்று ஏறும். முன்பு டீசல் இருந்தபோது அவையே எல்டிஐ, விடிஐ, இசட்டிஐ. நெக்ஸா ஷோரூமில் விற்கும் பலேனோ, ஃப்ரான்க்ஸ், கிராண்ட் விடாராவில் சிக்மா, டெல்டா, ஸீட்டா, ஆல்ஃபா. கிரேக்க எழுத்து வரிசையில் இந்த நாலில் முதலில் வருவது ஆல்ஃபா, கடைசியில் வருவது சிக்மா. நெக்ஸாவில் அப்படியே தலைகீழ்: சிக்மா பேஸ், ஆல்ஃபா டாப். அகரவரிசைப் பழக்கத்தில் ஆல்ஃபாவை ஆரம்ப மாடல் என்று நினைத்த ஒரு பெரியவரை நானே பார்த்தேன்.

'பிளஸ்' என்ற குறிதான் எனக்கு மிகவும் ஆபத்தாகத் தெரிகிறது. ஸ்விஃப்ட் இசட்எக்ஸ்ஐ பிளஸ் என்றால் அதே என்ஜின், கொஞ்சம் கூடுதல் வசதி, அவ்வளவுதான். கிராண்ட் விடாரா 2022-ல் வந்தபோது ஸீட்டா பிளஸ், ஆல்ஃபா பிளஸ் என்ற இரண்டும் முற்றிலும் வேறு வண்டி: டொயோட்டாவின் மூன்று சிலிண்டர் 1.5 லிட்டர் என்ஜினோடு ஸ்ட்ராங் ஹைபிரிட் (பேட்டரியில் மட்டும் கொஞ்ச தூரம் ஓடக்கூடியது), இ-சிவிடி என்ற ஆட்டோமேட்டிக் கியர். பிளஸ் இல்லாத ஸீட்டா, ஆல்ஃபாவில் மாருதியின் நாலு சிலிண்டர் என்ஜின், மைல்டு ஹைபிரிட். அறிவிக்கப்பட்ட மைலேஜே ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு 27.97, மைல்டு ஹைபிரிட் மேனுவலுக்கு 21.11. பிளஸ் விடுபட்டால் என்ஜின், கியர், பேட்டரி எல்லாமே போய்விடும். இதில் 'ஸ்மார்ட் ஹைபிரிட்' என்ற ஸ்டிக்கர் வேறு. அது மைல்டு ஹைபிரிட். பேட்டரியில் மட்டும் வண்டி ஓடாது. ஃப்ரான்க்ஸில் டெல்டா பிளஸ் 1.2 சாதா என்ஜினிலும் உண்டு, 1.0 டர்போவிலும் உண்டு. அங்கே பெயரோடு என்ஜினையும் எழுதினால்தான் எந்த வண்டி என்றே தெரியும்.

அடைப்புக்குள் வரும் 'ஓ' அடுத்தது. ஹூண்டாயில் எஸ்எக்ஸ் ஓ, அஸ்டா ஓ என்றால் வரிசையின் உச்சிப் பக்கம். மாருதியின் பழைய செலேரியோவில் எல்எக்ஸ்ஐ ஓ, விஎக்ஸ்ஐ ஓ என்றால் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) சேர்ந்த பாதுகாப்புப் பேக். ஆல்ட்டோ 800 எல்எக்ஸ்ஐ ஓ-வில் டிரைவர் ஏர்பேக். இந்த ஓ இல்லாத பழைய வண்டியில் அவை இல்லை. ஓட்டுநருக்கு ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்து கட்டாயமானது, பக்கத்து சீட்டுக்கு எல்லாப் புது வண்டியிலும் 2021 முடிவில்தான். அதற்கு முந்தைய செகண்ட் ஹேண்ட் வண்டியை வாங்குகிறவர்கள் இந்த ஓர் எழுத்தைக் கட்டாயம் தேடுங்கள்.

எழுத்துக்குப் பதில் சொல்லாக வைத்தால் தெளிவாகிவிடும் என்று நினைப்போம். அதுவும் இல்லை. கியா கேரன்ஸ் 2022-ல் வந்தபோது அடியில் இருந்த மாடலின் பெயர் பிரீமியம். அதற்கு மேல் பிரெஸ்டீஜ், பிரெஸ்டீஜ் பிளஸ், லக்சரி, லக்சரி பிளஸ். எம்ஜி ஹெக்டர் 2019-ல் வந்தபோது ஸ்டைல், சூப்பர், ஸ்மார்ட், ஷார்ப் என்ற வரிசையில் ஸ்மார்ட் மேலிருந்து இரண்டாவது. டாடா நெக்ஸான், ஹாரியர், சஃபாரியில் ஸ்மார்ட் என்றால் பேஸ். ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸில் ஹைலைனுக்கு மேலே டாப்லைன் இருக்கிறது. சொல்லைக் கேட்டு விலைப் படியை ஊகிக்கவே கூடாது. பிரோஷரின் கடைசிப் பக்கங்களில் வரும் வசதி அட்டவணையை மட்டும் நம்புங்கள். அதிலும் அச்சிட்ட மாசமும் வருஷமும் பாருங்கள், ஏனென்றால் கம்பெனிகள் நடுவழியில் முறையையே மாற்றிவிடும். டாடா நெக்ஸானில் எக்ஸ்இ, எக்ஸ்எம், எக்ஸ்டி, எக்ஸ்இசட் என்று இருந்ததை 2023-ல் ஸ்மார்ட், பியூர், கிரியேட்டிவ், ஃபியர்லெஸ் என்று மாற்றியது. ஹூண்டாய் வென்யூ 2025 நவம்பரில் புதுசாக வந்தபோது பழைய எஸ், எஸ்எக்ஸ் போய் எச்எக்ஸ் 2 முதல் எச்எக்ஸ் 10 வரை ஆனது.

கியர் விஷயத்துக்கு வருகிறேன். சில்க் போர்டிலும் ஹெப்பாளிலும் ஊர்ந்து ஊர்ந்து கால் வலித்துத்தான் இங்கே பாதிப்பேர் ஆட்டோமேட்டிக் தேடுகிறோம். 'பெட்ரோல் ஆட்டோமேட்டிக்' என்று மட்டும் எழுதிய கொட்டேஷனை ஏற்காதீர்கள். நெக்ஸான் டர்போ பெட்ரோலிலேயே ஏஎம்டி என்று ஒன்று, டிசிஏ என்று ஒன்று. ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸின் கிளட்சையும் கியரையும் மோட்டார் வைத்து மாற்றுவது; விலை குறைவு, மைலேஜ் நன்றாக வரும், கியர் மாறும்போது ஒரு சின்ன இழுப்பு இருக்கும். டிசிஏ இரட்டைக் கிளட்ச்; வேகமாக, வழவழவென்று மாறும், விலை கூடுதல். மாருதியில் ஏஜிஎஸ் என்றால் ஏஎம்டிதான். ஏடி என்று எழுதினால் டார்க் கன்வர்ட்டர் என்ற வகை ஆட்டோமேட்டிக், நெரிசலில் மெதுவாக நகர அதுதான் சுகம். ஹூண்டாய், கியாவில் ஐஎம்டி என்பது ஆட்டோமேட்டிக்கே இல்லை. கிளட்ச் பெடல் இருக்காது, கியரை நீங்கள்தான் மாற்றவேண்டும். டெஸ்ட் டிரைவில் லீவரைப் பாருங்கள்: பெரும்பாலான ஏஎம்டி வண்டிகளில் 'பி' என்ற பார்க்கிங் நிலை இருக்காது. எதை ஓட்டிப் பார்த்தீர்களோ அதே கியர்பாக்ஸ் பெயர் கொட்டேஷனில் இருக்கவேண்டும். டெஸ்ட் டிரைவுக்கு டாப் எண்ட் வண்டியைத்தான் வைத்திருப்பார்கள்.

கர்நாடகத்தில் வரி விஷயம் தனிக் கணக்கு. இங்கே ஆயுள் வரி 5 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சம் வரை 14, 20 லட்சம் வரை 17, அதற்கு மேல் 18. இதன் மேல் செஸ் தனி. முழு விலைக்கும் அந்தச் சதவீதம் என்பதுதான் கடிக்கும். 9.90 லட்சம் எக்ஸ்ஷோரூம் (ஆயுள் வரியும் இன்ஷூரன்ஸும் சேராத விலை) வண்டிக்கு வரி 1,38,600. ஒரு படி மேலே போய் 10.10 லட்சம் ஆனால் 1,71,700. விலையில் 20,000 வித்தியாசம், வரியில் மட்டும் 33,100 வித்தியாசம். 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ்ஸும் பிடிப்பார்கள், 10,100 ரூபாய். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடியது, ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போகும். அதனால் 'பிளஸ்', 'டூயல் டோன்', 'ஸ்பெஷல் எடிஷன்' என்று சின்ன விலை வித்தியாசம் சொன்னால், எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை இரண்டுக்கும் தனித்தனியாகப் போட்டு வாங்குங்கள். இரண்டு நிறக் கூரைக்காக ஸ்லாப் தாண்டுவது வீண் செலவு என்பது என் கருத்து.

புக்கிங் பணம் கட்டும்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். மாடல், வேரியண்ட் முழுப்பெயர் அடைப்புக்குறி எழுத்தோடு, என்ஜின் சிசி, எரிபொருள், கியர்பாக்ஸ் வகை, நிறம் இந்த ஆறும் ரசீதிலேயே இருக்கவேண்டும். கம்ப்யூட்டரில் இடமில்லை என்றால் பேனாவால் எழுதி, சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். கம்பெனிக்குள் ஒவ்வொரு வேரியண்டுக்கும் ஒரு குறியீடு இருக்கும். எண்ணும் எழுத்தும் கலந்தது. டீலரின் ஆர்டர் திரையில் அது தெரியும். அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் இன்வாய்ஸோடு ஒப்பிட அதுதான் உறுதியான ஆதாரம். உங்களுக்கு விட்டுக்கொடுக்கவே முடியாத வசதிகள் எவையோ, உதாரணமாக ஆறு ஏர்பேக், பின்பக்க டிஸ்க், அவற்றைத் தனியாக ஒரு மெயிலில் எழுதி, "இவை இருக்கும் வேரியண்ட்தானே" என்று ஷோரூம் மேனேஜருக்கு அனுப்பிப் பதில் வாங்கிவிடுங்கள். கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதே மெயிலில் கேளுங்கள். என் பக்கம் அந்த வாட்ஸ்அப் கொட்டேஷன் இருந்ததால்தான் 10,000-த்தோடு விட்டார்கள். முதலில் சொன்ன தொகை அதைவிடப் பெரிது.

வண்டி அலாட் ஆனதும் சேஸிஸ் எண் 17 இலக்கத்தில் கொடுப்பார்கள். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்தும் அதில் வராது. யாராவது 'ஓ' என்று எழுதியிருந்தால் அது பூஜ்யம். இன்வாய்ஸ் போடுவதற்கு முன்னால் ஸ்டாக்யார்டுக்குப் போய்விடுங்கள். இன்வாய்ஸ், இன்ஷூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் என்று ஒவ்வொன்றாக ஏறிய பிறகு திரும்புவது மிகவும் கஷ்டம். அங்கே பெயின்ட் கீறலை மட்டும் பார்க்காமல் வேரியண்டைப் பாருங்கள். முன் சீட்டுகளின் வெளிப்பக்க ஓரத்தில் ஏர்பேக் பட்டை, கதவுகளுக்கு நடுவே உள்ள தூணிலும் கூரை ஓரத்திலும் ஏர்பேக் எழுத்து, பின் சக்கரத்துக்குள் டிஸ்க்கா டிரம்மா, டயர் பக்கவாட்டில் எழுதிய அளவு, ஹெட்லைட் எல்இடியா பல்பா, பின் கண்ணாடியில் டீஃபாகர் கம்பிக் கோடுகள், கண்ணாடிகளை மடக்கும் பட்டன். தயாரித்த மாசமும் வருஷமும் வண்டியில் ஒட்டிய தகட்டில் இருக்கும். பின்கதவு பேட்ஜை மட்டும் நம்பவேண்டாம். ஓனர் மேனுவலும் உதவாது. எல்லா வேரியண்டுக்கும் ஒரே புத்தகம்தான் அச்சடிக்கிறார்கள்.

இன்ஷூரன்ஸில் பெயர் மாறினால் உடனே தெரியாது, விபத்து நடந்த அன்றைக்குத் தெரியும். பாலிசியில் வரும் ஐடிவி (வண்டி திருடு போனாலோ முழுசாக நாசமானாலோ தரும் தொகை) வேரியண்டின் விலையை வைத்துப் போடுவது. இரண்டாவது வருஷத்தில் 20 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். டாப் எண்டுக்கும் கீழ் வேரியண்டுக்கும் 1.5 லட்சம் வித்தியாசம் என்றால், பாலிசியில் கீழ் வேரியண்ட் ஏறியிருக்கும்போது வண்டி திருடு போனால் 1.2 லட்சம் குறைவாக வரும். ஆன்லைனில் புதுப்பிக்கும்போது பட்டியலில் விடாரா பிரெஸ்ஸா, பிரெஸ்ஸா, கிராண்ட் விடாரா என்று அடுத்தடுத்து வரும். 2016 முதல் 2022 வரை விற்றது விடாரா பிரெஸ்ஸா, அதன் பிறகு வெறும் பிரெஸ்ஸா, கிராண்ட் விடாரா தனி வண்டி. டொயோட்டாவில் 2020-ன் அர்பன் குரூஸர் பிரெஸ்ஸாவின் மறுபதிப்பு. அர்பன் குரூஸர் ஹைரைடர் கிராண்ட் விடாராவின் ஜோடி. அர்பன் குரூஸர் டைசர் ஃப்ரான்க்ஸின் ஜோடி. ஸ்கார்பியோ என், ஸ்கார்பியோ கிளாசிக் இரண்டும் தனித்தனி வண்டி. தவறு தெரிந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் திருத்தம்) போடச் சொல்லுங்கள். ஆர்சி நகலும் இன்வாய்ஸும் கேட்பார்கள். வெளியே பொருத்திய டச் ஸ்கிரீன், கேமரா போன்றவற்றுக்கு அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டி அறிவித்தால்தான் கிளெய்ம் கிடைக்கும். பொருத்தும்போது வயரை வெட்டி ஒட்டாமல் கப்ளர் செருகும் வகையாகக் கேளுங்கள், வெட்டினால் அந்த எலக்ட்ரிக்கல் பாகத்தின் வாரண்டிக்குச் சிக்கல்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். பேட்ஜ் எழுத்துகள் சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும். விஎக்ஸ்ஐ வண்டியில் அலாயும் புது பேட்ஜும் போட்டு இசட்எக்ஸ்ஐ என்று விற்பது புதிதல்ல. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு மாடல் பெயரைப் பாருங்கள், அதிலும் சிலசமயம் வேரியண்ட் சுருங்கியிருக்கும். அப்போது சேஸிஸ் எண்ணோடு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனால், சிஸ்டத்தில் எந்த வேரியண்டாகப் பதிவாகியிருக்கிறது என்று சொல்வார்கள். சர்வீஸ் வரலாறும் சேர்ந்து கிடைக்கும். ஸ்விஃப்டில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐக்கு டயர் 165/80 ஆர்14, இசட்எக்ஸ்ஐக்கு 185/65 ஆர்15. ஓட்டுநர் கதவைத் திறந்தால் காற்றழுத்த ஸ்டிக்கரில் டயர் அளவு அச்சிட்டிருக்கும். சக்கரத்தில் இருப்பது அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். உதிரி பாகம் வாங்கும்போதும் இதே கதைதான்: எல்இடி ஹெட்லைட்டும் பல்பு ஹெட்லைட்டும் வேறு வேறு, பார்க்கிங் சென்சார் ஓட்டை உள்ள பம்பரும் இல்லாத பம்பரும் வேறு வேறு. கடையில் மாடல் பெயரையும் வருஷத்தையும் மட்டும் சொல்லாமல் சேஸிஸ் எண்ணைக் கொடுங்கள். பார்ட் நம்பரை அதை வைத்து எடுத்தால் மாற்றிக் கொண்டுபோகும் அலைச்சல் இருக்காது.